ஈய மணலில் எந்த மரம் பிழைக்கும்?

(தொழிலாளர் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், வீடு, மருத்துவம் என்று பேசிப் பழகிய இம்மேடையில் இன்று மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "தொழிற்சங்கத்திற்கும் மரத்திற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். மரத்தை நம்பி மூன்று நான்கு தலைமுறையாகச் சோறு தின்ற கூட்டம் நாம். விடியுமுன் எழுந்து, உளியை எடுத்துக்கொண்டு, நிரைக்குள் நுழைந்து, ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் தொட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள். மரத்தைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவர் யார்?

ஈப்போவிலிருந்து பழைய சாலை வழியாகத் தெற்கே வருபவர்கள் கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர் ஆகிய ஊர்களைக் கடந்து வருகிறார்கள். இவ்வழியில் பல இடங்களில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் நிற்கும் குட்டைகளைக் காணலாம். அவற்றின் ஓரத்தில் வெள்ளை மணல் மேடுகள். மேட்டின்மீது அங்கொன்றும் இங்கொன்றுமாக லாலான் புல். பார்க்க அழகுதான். ஆனால் அது ஒரு புண்ணின் தழும்பு. ஈயம் எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்ணை மட்டும் விட்டுப்போனார்கள். அதுவும் பழைய மண்ணாக இல்லை. தீபகற்பத்தில் இப்படிக் கெட்டுப்போன நிலம் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணக்கு உண்டு. அதில் ஒரு பகுதி வீடாகவும், கடையாகவும், தோட்டமாகவும் மாறிவிட்டது. மீதியை என்ன செய்வது? எந்த மரத்தை நடுவது? இதுவே இன்றையப் பேச்சு.

மண் எப்படிக் கெட்டது?

நோயைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து சொல்லக் கூடாது. ஆகவே முதலில் மண் கெட்ட கதை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாரூட், கிந்தா பகுதிகளில் ஈயம் தோண்டும் வேலை பெருகியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் உலகத்திற்கு அதிகமாக ஈயம் கொடுத்த நாடு மலாயாவே. முதலில் மண்வெட்டியும் கூடையும். பிறகு பீரங்கிபோல் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைக்கும் குழாய். அதற்கும் மேலே, தண்ணீரில் மிதந்துகொண்டே வாளி வாளியாகத் தோண்டும் ஈயக் கப்பல். 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த அத்தகைய கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிப் பொருளாக நிற்கிறது. 1985 அக்டோபரில் அகில உலக ஈய மன்றம் பணமின்றி நொடித்தது. ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அங்கே வேலை செய்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நிலம் கேட்பாரற்றுக் கிடந்தது.

மண்ணைக் கரைத்த தண்ணீரை நீண்ட மரச்சாய்வின்மேல் ஓடவிடுவார்கள். அதற்குப் பாலோங் என்று பெயர். ஈயம் கனமானது, ஆகையால் தடுப்புகளில் தங்கிவிடும். மணல் அதைவிட இலேசானது. அது சாய்வின் கடைசியில் கொட்டிக் குவியும். களிமண் பொடியோ எல்லாவற்றிலும் இலேசு. அது தண்ணீரோடு தூரம் ஓடிப் பள்ளத்தில் படியும். நம் தாய்மார்கள் முறத்தில் அரிசி புடைப்பார்கள். அரிசி ஒரு பக்கம், குறுணை ஒரு பக்கம், உமி ஒரு பக்கம் போகும். நிலத்தையும் அப்படித்தான் புடைத்துவிட்டார்கள்.

நல்ல மண் என்பது மணலும் களியும் மக்கிய இலையும் கலந்த பொருள். கலந்திருந்ததைப் பிரித்துவிட்டதால் மணலும் கெட்டது, களியும் கெட்டது. மேல்மண்ணோ, ஆயிரம் ஆண்டுகளாக இலை விழுந்து மக்கிச் சேர்ந்த செல்வம். அது ஆற்றோடு போய்விட்டது.

இரண்டு நிலம், இரண்டு நோய்

இதனால் இங்கே ஒரு நிலம் இல்லை, இரண்டு நிலம் இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும்.

ஒன்று, மணல் மேடு. தண்ணீர் ஊற்றினால் நிற்காது. உரம் போட்டால் மழையோடு கீழே இறங்கிவிடும். நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாத சூடு. மேடு உயர உயர, கீழேயுள்ள நீர் வேருக்கு எட்டாத தூரத்திற்குப் போய்விடுகிறது. தாழ்ந்த மணலில் பிழைக்கும் கன்று உயர்ந்த மணலில் கருகிப்போவது இதனால்தான்.

மற்றொன்று, சேற்றுக் களி. மழையில் கூழ், வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பு. இங்கே தண்ணீர் உண்டு, சத்தும் ஓரளவு உண்டு, காற்று இல்லை. வேர் மூச்சுத் திணறிச் சாகிறது.

தாகத்தால் சாகிறவனுக்கும் வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறவனுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கலாமா? ஆனால் பல இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள். ஒரே லாரியில் ஒரே வகைக் கன்றை ஏற்றி வந்து, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவுக் குழியில் நட்டுவிட்டுப் போகிறார்கள்.

நாம் கண்ட ஒரு நடவு

நம்மில் சிலர் ஒரு சமயம் அத்தகைய வேலைக்குப் போனோம். இடத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். கன்று ஒன்றுக்கு இத்தனை காசு என்று குத்தகைக்காரர் பேசினார். கூடாரம் போட்டார்கள், பெரிய மனிதர் வந்தார், படம் பிடித்தார்கள். நாம் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கன்றுகளை நட்டோம். "தண்ணீர் யார் ஊற்றுவது?" என்று நம்மோடு வந்த கிழவி ஒருத்தி கேட்டாள். "அது உங்கள் வேலையில் சேராது" என்று பதில் வந்தது.

மூன்று மாதம் கழித்து அவ்வழியே போனோம். குச்சி நின்றது, கன்று இல்லை. கணக்குப் புத்தகத்தில் மட்டும் எல்லாக் கன்றுகளும் உயிரோடு இருந்தன. நட்டதற்குக் கூலி உண்டு, காப்பதற்குக் கூலி இல்லை என்றால் இதுதான் நடக்கும். ரப்பர்க் கன்றை நட்டுவிட்டு, களையெடுக்காமல், உரம் வைக்காமல் விட்டால் அது பால்வெட்டுக்கு வருமா? எந்தத் துரையாவது அப்படி விட்டதுண்டா? பணம் தரும் மரத்திற்கு ஒரு நியாயம், மண்ணைக் காக்கும் மரத்திற்கு ஒரு நியாயமா?

சீக்கிரம் வளரும் மரம் போதாதா?

"எதற்கு இவ்வளவு யோசனை? அக்காசியாவை நட்டால் சீக்கிரம் காடாகிவிடுமே" என்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இதில் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் நியூகினியிலும் பிறந்த மாங்கியம் அக்காசியா 1966இல் சபாவுக்கு வந்தது. ஏழை மண்ணிலும் வேகமாக வளரும். வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கும். வெறும் மணலுக்கு நிழல் கொடுக்கும்.

ஆனால் நடுத்தண்டு அழுகும் நோய் அதைப் பிடித்தது. பலகைக்கு என்று நட்டவர்கள் ஏமாந்தார்கள். மேலும், அதன் விதை தானே பரவி, வெட்டவெளியில் நாட்டு மரம் வரவேண்டிய இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஒரே மரம் மட்டும் நிற்கும் காட்டில் ஒரு நோய் வந்தால் எல்லாம் போகும். இதைத் தோட்டத்துக்காரருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இன்னொரு கூட்டம், "காய்கறி போடுவோம், பழம் வைப்போம்" என்கிறது. பேராக்கில் ஈய மணலைக் கோழி எருப் போட்டுத் திருத்தி, பயிர் செய்து பிழைத்த குடும்பங்கள் அநேகம். அவர்களுடைய உழைப்பை நாம் குறை சொல்லமாட்டோம். ஆயினும் ஓர் எச்சரிக்கை. சில இடங்களில் ஆர்செனிக், காரீயம் போன்ற நஞ்சுகள் அளவுக்கு மீறித் தங்கியிருக்கும். அமாங் என்னும் கருமணலைப் பிரித்த இடங்களில் கதிர்வீசும் தோரியம் கலந்த மணலும் உண்டு. ஆகையால் வாயில் போடும் பொருளை விளைவிக்குமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும். சோதனையில் தேறாத மண்ணில் நிழல் மரமும் பலகை மரமும் நிற்கட்டும்; கீரை வேண்டாம்.

நாட்டுச் செடியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாட்டு மரம் என்றால் எதையும் எங்கும் நடலாம் என்பதில்லை. காட்டுக்குள் நிழலில் பிறக்கும் மரத்தைக் கொதிக்கும் மணலில் நட்டால் அது நாட்டு மரமானாலும் சாகும். ஆகவே வரிசை முக்கியம்.

முதலில், தானே வந்தவற்றைப் பாருங்கள். எந்த மேட்டிலும் யாரும் நடாமல் ஏதாவது முளைத்திருக்கும். செண்டுடுக் செடியை எல்லாருக்கும் தெரியும். ஊதாப் பூ, பழத்தைத் தின்றால் நாக்குக் கறுத்துப்போகும். சின்ன வயதில் தின்று அம்மாவிடம் பிடிபட்டவர்கள் இங்கே பலர் இருப்பார்கள். புளித்த மண்ணில் மற்றச் செடிகளைக் கெடுக்கும் அலுமினியத்தை அது தன் உடம்பில் வாங்கிக்கொண்டு வாழ்கிறது. அதன் பழத்திற்குக் குருவி வரும். குருவி வேறு விதையைக் கொண்டுவந்து போடும். ஈரமான பள்ளத்து ஓரத்தில் மஞ்சள் பூப் பூக்கும் சிம்போ ஆயர் வரும். அகன்ற இலையுள்ள மாஹாங் மரமும் வரும். இவற்றைக் 'களை' என்று வெட்டி எறிந்துவிட்டுக் கன்று நடுவது, வீட்டுக்கு வந்த விருந்தாளியை விரட்டிவிட்டு விருந்துக்கு ஆள் தேடுவது போலாகும். லாலான் மட்டும் வேறு. அது தீக்கு எண்ணெய். ஆனால் நிழலுக்கு அஞ்சும். மேலே நிழல் மூடினால் லாலான் தானே ஒழியும்.

இரண்டாவது, மண்ணை மூடுங்கள். இளம் ரப்பர் நிரைகளுக்கு நடுவே கொடி படரவிட்ட அனுபவம் நமக்கு உண்டு. அவற்றுள் புவேரேரியா கொடி இந்தப் பகுதிக்கே உரியது. அது மணலின் சூட்டைத் தணிக்கும்; மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும். ஆனால் கன்றைச் சுற்றிக் கொடியை அறுத்து வட்டம் வைக்காவிட்டால் கன்றையே அமுக்கிவிடும். கரை சரியும் இடங்களில் வெட்டிவேரை வரிசையாக வைக்கலாம். அது நம் தமிழகத்து வெயிலும் அறிந்த புல். இந்நாட்டு ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் யூன் என்பவர் அதை வளர்த்துச் சோதித்து 1991இல் எழுதி வைத்திருக்கிறார். நாட்டுப் புல் அல்லாவிட்டாலும், நடுவதற்குக் கொடுக்கும் வகை விதையால் பரவாது. வைத்த இடத்தில் நிற்கும்.

மூன்றாவது, தாங்கும் மரம். தாழ்ந்த மணலுக்குக் கடற்கரையில் பிறந்த சவுக்கு பொருந்தும். மலாயில் அதற்கு ரூ என்று பெயர். இறுகிய ஏழை மண்ணுக்குத் தெம்பூசு பொருந்தும்; மெதுவாக வளர்ந்தாலும் நூறு ஆண்டு நிற்கும். தண்ணீர் நிற்கும் புளித்த மண்ணுக்குக் கெலாம். பறவைகளை அழைக்க அத்தியும் ஆலும். மெராவான் சிப்புட் ஜந்தான் என்ற மரம் வடக்கே ஆற்றங்கரைகளில் வளர்வது. பீடோரில் வன ஆராய்ச்சி நிலையத்தார் ஈய மணலிலும் சேற்றிலும் நட்டு வளர்த்துப் பார்த்த மரங்களுள் இதுவும் ஒன்று.

நான்காவதுதான் பெருங்காட்டு மரம். மெராந்தி, கப்பூர், கெருயிங் முதலியவை நிழலில் பிறந்து வெயிலுக்கு ஏறுகிறவை. முன் சொன்னவை நிழல் கொடுத்த பிறகே இவற்றை உள்ளே வைக்கவேண்டும். இவற்றின் வேருக்கு ஒரு கூட்டாளி உண்டு. மண்ணிலுள்ள ஒருவகைக் காளான் வேரைச் சுற்றிக்கொண்டு தண்ணீரும் சத்தும் தேடிக் கொடுக்கிறது. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. மண்ணைக் கழுவிய நாளில் அந்தக் காளானும் போய்விட்டது. ஆகையால் நாற்றங்காலில் காட்டு மண் கொஞ்சம் கலக்க வேண்டும். விதையும் எப்போதும் கிடைக்காது. இம்மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சேர்ந்து காய்க்கும். விழுந்த விதை சில வாரங்களுக்குள் முளைக்காவிட்டால் செத்துப்போகும். மூட்டை கட்டி வைக்க முடியாது. காய்க்கும் ஆண்டில் பொறுக்கி, உடனே பையில் போட்டு வளர்க்க ஆள் வேண்டும். இது யந்திரத்தின் வேலை அல்ல. கண்ணும் கையும் உள்ள தொழிலாளியின் வேலை.

நடக்குமா? நடந்திருக்கிறது!

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்பவர்கள் கோலாலம்பூருக்கு அருகேயுள்ள கெப்போங்கிற்குப் போய்ப் பார்க்கட்டும். ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் மரமின்றிக் கிடந்த நிலம் அது. 1920களில் பாக்ஸ்வொர்தி என்ற வன அதிகாரி அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். 1928இல் நாற்றங்கால் போட்டார்கள். 1929இல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நாட்டு மரங்களை வகை வகையாக நட்டார்கள். இன்று ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல் காடு. அங்கே கப்பூர் மரங்களின் கீழே நின்று மேலே பாருங்கள். ஒரு மரத்தின் தலை இன்னொன்றின் தலையைத் தொடாமல், நடுவே வாய்க்கால்போல் வானம் தெரியும். மனிதன் கையால் மீண்டும் உண்டாக்கிய மழைக்காடு என்று 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

இதில் இரண்டு பாடம் உண்டு. ஒன்று, பக்கத்தில் புக்கிட் லாகோங் காடு இருந்தது. விதையும் பறவையும் வந்தன. அருகேயுள்ள காட்டை அழித்துவிட்டுத் தூரத்தில் மரம் நடுவது வீண். இரண்டு, நட்டவர்கள் விட்டுப் போகவில்லை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் நடத்தான் வேண்டும் என்பதும் இல்லை. பத்து காஜாவிற்கு அருகே பழைய ஈயக்குட்டைகளில் நாரைகளும் கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அங்கே நாம் செய்யவேண்டியது, கையை வைக்காமல் இருப்பது.

வந்த மரமும் வந்த மனிதரும்

ஒரு தோழர் நம்மிடம் கேட்டார்: "ரப்பர் மரமே வெளிநாட்டு மரம். நம் பாட்டனும் கப்பலில் வந்தவன். நாட்டு மரத்தைப் பற்றி நாம் பேசலாமா?"

நல்ல கேள்வி. பிரேசிலில் பிறந்த ரப்பர் 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தது. சில கன்றுகள் கோலகங்சாருக்கும் போயின. அது இந்நாட்டை வாழவைத்தது. வந்தது எல்லாம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. உழைத்த மண்ணே சொந்த மண் என்பது நம் கொள்கை. அதனால்தான் இம்மண்ணின் மரம் நமக்கும் மரம். அதற்கு மேலும் ஒரு செய்தி. கப்பூர் மரத்தின் உள்ளே விளையும் பொருள்தான் முற்காலத்தில் நம் முன்னோர் தேடிய கற்பூரம். அதற்குப் பேர்போன துறைமுகம் சுமத்திராவின் பாருஸ். அங்கே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ரப்பருக்கு முன்பே இந்தக் காட்டு மரத்தோடு நமக்கு உறவு உண்டு.

நாம் கேட்பது

தோழர்களே! மரம் நடும் திட்டங்கள் வருகின்றன, இன்னும் வரும். தோட்டம் துண்டாடப்பட்டு, வேலை இழந்து, ஈயக்குட்டை ஓரம் குடியேறிய குடும்பங்கள் நம்மில் உண்டு. அந்த நிலம் சீர்படுவதும் அவர்கள் வயிறு நிறைவதும் ஒன்றாக நடக்கட்டும். ஆகவே நாம் கேட்பது இவை:

1. நடுமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும். மணல், களி, நீர்மட்டம், நஞ்சு நான்கையும் பார்த்து, முடிவை அங்கே குடியிருப்போருக்கு அவர்கள் மொழியில் சொல்லவேண்டும்.

2. கன்றைத் தூரத்திலிருந்து லாரியில் கொண்டு வராமல், அருகிலேயே நாற்றங்கால் போட்டு, அக்கம்பக்கத்து ஆண் பெண் தொழிலாளருக்கு அந்த வேலையைத் தரவேண்டும்.

3. நட்ட அன்றோடு கூலியை முடிக்காமல், மூன்று ஆண்டு பராமரிப்பு வேலைக்கும் சம்பளம் வேண்டும். நட்ட கன்றை எண்ணாதீர்கள். பிழைத்த கன்றை எண்ணுங்கள்.

4. ஒரே வகை மரம் கூடாது. பல வகை நாட்டு மரங்களை வரிசை அறிந்து கலந்து நடவேண்டும்.

5. ஆழமான குட்டைகளைச் சுற்றி வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். குளிக்கப் போன பிள்ளையைப் பிணமாகத் தூக்கி வரும் துயரம் நமக்கு வேண்டாம்.

கிராணிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட வேலை உங்கள் பக்கம் வந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த மரம், எந்த மண், எத்தனை நட்டது, ஆறு மாதத்தில் எத்தனை நின்றது என்று எழுதி வையுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் இருந்தால், செத்த கன்றை உயிரோடு இருப்பதாக எவரும் கணக்குக் காட்ட முடியாது.

மண்ணை ஒரு தலைமுறையில் கெடுத்தார்கள். அதைத் திருத்த நம் தலைமுறை போதாது. பேரப்பிள்ளைகளின் காலமும் வேண்டும். ஆயினும் முதல் கன்றை இன்று நட்டவர்களும், அதற்கு நாளையும் தண்ணீர் ஊற்றியவர்களும் நாமாக இருக்கட்டும்.